கட்டிலுக்கடியில் மாவு மூட்டை

அன்புள்ள மெரேவாய்,

அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? கடல் தாண்டி வந்த இந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் நான் நலம்தான்.

மூட்டையாக வாங்கினால் மலிவு என்று மாவு வாங்கினேன். இங்கே வேலைக்கு வந்த நம் ஊர் ஆட்கள் ‘கேரேகேரே’, தயவுசெய்து கொடு என்று கேட்டால், நம் வழக்கப்படி இல்லையென்று சொல்லக் கூடாதே! மூன்றே நாளில் காலி. மகளின் படிப்புக்கு மிச்சம் பிடிக்க, அடுத்த மூட்டையைக் கட்டிலுக்கடியில் ஒளித்தேன்.

நேற்று பக்கத்து அறையிலிருந்து உன் தம்பி பெனி வந்தான். “கேரேகேரே மச்சான், ஒரு கோப்பை மாவு குடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“தீர்ந்துபோச்சுடா” என்றேன்.

என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, “சரி மச்சான்” என்று சிரித்தபடியே போய்விட்டான். அதன்பின் மாவைப் பிசைய எனக்குக் கை வரவில்லை.

கிழிந்த கையுறையைத் தைக்க ஊசியும் நூலும் அனுப்பு. நான் ஊர் திரும்பியபின் யாராவது வாசலில் வந்து உப்பு கேட்டால் நீயே போய்ப் பேசு. இங்கே பழகிப்போன என் வாய் ‘இல்லை’ என்றுவிடும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் அபிசாய்