மாமாவின் பதினோரு குரல் பதிவுகள்

பிரியமான எதிர்வீட்டு மாமாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் அலுவலகத்தில். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று தெரு முழுக்கச் சொன்னவர் நீங்கள்தான். இதையும் சொல்லியிருப்பீர்கள்.

ஹோட்டலுக்குப் பின்னால்தான் நீங்கள் மீனவராக நடித்த கடற்கரை. வங்கதேசப் போரின்போது எல்லையிலிருந்து வானொலிக்குச் செய்தி சொன்ன உங்களுக்கு, சினிமாவில் எல்லாப் படத்திலும் வேறு ஒருவர்தான் குரல் கொடுத்தார். நீங்கள் பேசினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறதாம்.

"மூஞ்சி மட்டும் வேலைக்குப் போவுதும்மா. தொண்ட வூட்லயே குந்திகினு கீது," என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா மாமா? நான் கேட்டதே இல்லை.

கை நடுங்குகிறது என்று உங்கள் போர்க்கால நினைவுகளை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினீர்கள், நான் தட்டச்சு செய்துதர. மொத்தம் பதினொன்று. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குண்டுச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியில் கத்தியதைச் சொல்வீர்கள். பாதியில் நிறுத்தி, "சரசு, டீ இன்னா ஆச்சு?" என்று உள்பக்கம் குரல் கொடுப்பீர்கள். இருமல், டீ, சரசு அத்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போரை மட்டும் தட்டச்சு செய்தேன். போனில் இடம் நிறைந்தபோது பதிவுகளை அழித்தேன். எழுத்தில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் அத்தை வந்தார். "டிவில உங்க மாமா படம் ஓடுது. வாயி அவருது, எவனோ பேசறான். உன் போன்ல அவர் கொரல் கீதில்ல? ஒருவாட்டி போடு."

"தேடறேன் அத்தை," என்றேன்.

மூன்று மாதமாக அதையே சொல்கிறேன். "இன்னாடி, அவர் கொரல கடல்ல கிடல்ல போட்டுட்டியா?" என்று ஒருநாள் கேலி செய்தார். இப்போது கேட்பதில்லை. நான் கடந்து போகும்போது என் கையிலிருக்கும் போனை மட்டும் பார்க்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் மாமா. அவர் திட்டட்டும், கதவைச் சாத்தட்டும். நீங்கள் அவரைக் கூப்பிட்ட இடங்களை நினைவிலிருந்து, தட்டச்சு செய்த தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினான்கு முறை "சரசு" வந்திருக்கிறது. இன்னும் இருக்கும். அவர் உட்காரச் சொன்னால், ஒன்றுகூட விடாமல் சத்தமாகப் படித்துக்காட்டுவேன்.

உங்களை மாமா என்று அழைத்த உரிமையில்,
எதிர்வீட்டு மருமகள்
செல்வி