மழையில் நனைந்தது யார்

விமான் நகர், பூனா
ஆகஸ்ட் 1998

அன்புள்ள மீனு அப்பாவுக்கு,

மீனுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் நான் இன்னும் அவள் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நீங்களும் ஜோசபினும் போபோடியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். நீங்கள் ரிட்டையர் ஆனதிலிருந்து அவள் ஞாயிறு தவறாமல் வருகிறாள். குழாயடிச் சண்டை, வாடகை சைக்கிள், ஈரானி டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா. பேசிப் பேசிச் சிரிக்கிறீர்கள். எல்லாம் எனக்கு முந்தைய காலம். நான் உள்ளே போய்விடுவேன். பொறாமையெல்லாம் இல்லை.

போன ஞாயிறு அவளிடம் சொன்னீர்கள்: "அன்னைக்கு என்னா மழை! ஃபாக்டரி கேட்ல டப்பாவோட நனைஞ்சுக்கிட்டு நின்னியே. ரசத்துல பாதி மழைத்தண்ணி."

"அதையும் ஒரு சொட்டு விடாம குடிச்சியேப்பா!" என்று அவள் கைதட்டிச் சிரித்தாள்.

அது அவளில்லை, நான். நீங்கள் சொன்னதும் அவளும் தன் கதை என்றே நினைத்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலம். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டான். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? மதியச் சங்கு ஊதி நீங்கள் வெளியே வரும்வரை மழையிலேயே நின்றேன். ஜோசபினாக இருந்தால் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லியிருப்பாள். நனைந்திருக்கவே மாட்டாள். அதுகூடவா உங்களுக்குத் தோன்றவில்லை?

அவளுக்கு உங்களோடு நூறு கதை இருக்கிறது. எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறன்று உங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவேன். நனைந்தது யாரென்று நீங்களே அவளிடம் சொல்லவேண்டும். அதை நான் காதால் கேட்கவேண்டும்.

உங்கள் மனைவி