கடைசி வரியில் வைத்த விரல்

இன்று காலை ஊசி போடுமுன் அந்தச் சின்ன நர்ஸ் பெண் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. சித்தூர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த உன் விரல்களில், எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது.

எழுபதுகளில், லீவு கிடைக்கும் நாளில் நீ பஸ் ஏறித் திருப்பதிக்கு வருவாய். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். இருவருக்கும் சிறுகதைப் பைத்தியம். என் கதையைப் படித்ததும் கடைசிப் பத்தியை அடித்துவிடுவாய். "முடிக்கிற எடத்துல பிரசங்கம் பண்றியே நீ. எங்க பாஸ்டரே தேவல. படிக்கிறவங்களுக்குத் தெரியும், நிறுத்திக்கோ" என்பாய். கோபம் வரும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும்.

உன் கடைசிக் கதை இரண்டே பக்கம். வெதுருகுப்பத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவளுக்குக் குழந்தை செத்துப் பிறக்கிறது. "கொழந்தை இன்னா எடை இருந்திச்சி சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கதையைச் சொல்கிற நர்ஸ், "ஆறு பவுண்டும்மா" என்கிறாள். அவள் அழுகை நிற்கிறது. பிறகு கடைசி வரி: 'நான் எடை பார்க்கவே இல்லை.'

பத்திரிகைக்கு அனுப்ப நான் அதை நகலெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நகலைக் கொண்டுவந்தேன். இடது கை விரலைக் கடைசி வரியில் வைத்து என்னைப் பார்த்தாய்.

"எடுத்துடட்டுமா?"

இல்லை என்று தலையாட்டினாய்.

"அப்படியே இருக்கட்டுமா?"

அதற்கும் இல்லை.

வார்த்தையை மாற்றிச் சொன்னேன். வரியை மேலே கொண்டுபோனேன். இன்னொரு வரி சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். "அது... அது..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. விரலால் காகிதத்தை அடித்தாய். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. உன் வீட்டுக்காரர் வந்து காகிதத்தை மெல்ல உருவினார். "போதும்மா, உட்டுடு. உன்னப் பாத்தா இன்னும் அழுதுக்கினு இருக்கா" என்றார்.

அடுத்த முறை நான் வந்தது உன் அடக்கத்துக்கு.

கதையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினேன். அச்சானது. நன்றாக முடித்திருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பல வருஷம் கழித்து, வகுப்பில் சிறுகதை நடத்திக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் எனக்கு உறைத்தது. நீ கதையைத் திருத்தச் சொல்லவே இல்லையோ? நான் சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, "இது நெஜமா நடந்ததா? அந்த நர்ஸ் நீதானா?" என்று கேட்கவில்லை. அதற்கு நீ தலையை அசைத்தாலே போதுமாயிருந்திருக்கும்.

அந்தக் கேள்வியை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் நீ இல்லை.