அப்பா திருத்திய கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நல்ல சுகம். இந்தத் தடவை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம். அப்பாவின் தலைக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. முன்பே சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்றுதான் மறைத்தோம், திட்டாதே. பின்னந்தலையில் வருஷக்கணக்காகக் கட்டி கட்டியாக வீங்கிச் சீழ் வடிந்துகொண்டிருந்ததே, மாத்திரை, ஊசி, களிம்பு எதற்கும் அது மசியவில்லை. தோல் டாக்டரே கையை விரித்துவிட்டு ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார். கெட்டுப்போன தோலை முழுக்க எடுத்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்ட வேண்டும், அங்கே இனி முடி முளைக்காது, ஒட்டிய தோல் பிடிக்காமலும் போகலாம் என்று அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். உன் அப்பா ஆயுசெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்தவராயிற்றே, ஒட்டுப் போடுவதுதானே என்றார்.

ஆபரேஷனன்று காலை டாக்டரம்மா அவர் தொடையில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்துவிட்டுப் போனார். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், நர்ஸ் மேஜையில் விட்டுப்போன பேனாவை எடுத்து, கோடு கோணல் என்று இவரே நேராக்கி, தையலுக்கென்று சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு வரைந்து வைத்திருக்கிறார். எனக்கு மானமே போயிற்று. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே துடைத்து மறுபடி வரைந்தார். "கத்தி என் கையிலதான் இருக்கு, பேசாம படுங்க" என்றார். ஆனால் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கும் நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் கேலியெல்லாம் அடங்கி என் கையைப் பிடித்தபடியே கிடந்தார். டாக்டரம்மா பிரித்துப் பார்த்து, "நல்லாப் பிடிச்சிருக்கு" என்றதும் நான் அழுதுவிட்டேன். அவரோ போனில் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்து, ஓரத்தையல் சுத்தம் என்று டாக்டருக்கே சான்றிதழ் கொடுத்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறோம், தொடைப் புண் மட்டும் எரிகிறதாம். தினமும் எழுந்ததும் அவர் தலையணை உறையை உருவி வெந்நீரில் ஊறப்போடுவேனே, இன்றைக்கும் பழக்கத்தில் உருவினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. மறுபடி மாட்டிவிட்டு, அதிலேயே கொஞ்ச நேரம் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வருஷா வருஷம் அப்பாவுக்குத் தொப்பி அனுப்புவாயே, இனி வேண்டாம், மறந்துவிடாதே. வெறுந்தலையோடு உன் எதிரில் உட்கார வேண்டுமாம். என் வரிகள் கோணல் என்று பக்கத்திலிருந்து சொல்கிறார், பேனாவைக் கொடுக்க மாட்டேன்.

ஆசைகளும் ஆசிகளுமாக,
உன் அம்மா