மாப்பிள்ளை நாரையும் ஜட்ஜம்மாவும்

மார்ச் 6

பூநாரைக் குளத்து வேலியில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். பறவைப் பூங்கா மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். தலைப்பை அவரே போட்டுவிட்டார்: ‘பூநாரை சொல்லும் வாழ்க்கைப் பாடங்கள்’. பாடங்களை நான் எழுத வேண்டும். “இத்தனை வருஷமா அதுங்களோடயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?” என்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவை எவ்வளவு தின்னும், எங்கெங்கே எச்சமிடும் என்பதுதான். அதை எழுதினால் பலகையோடு சேர்த்து என்னையும் வெளியே வைப்பார்.

ஞாயிறுதோறும் தியான வகுப்பு அம்மா தன் மாணவர்களைக் குளத்துக்கு எதிரே உட்கார வைக்கிறார். ஒற்றைக்காலில் நிற்பது தவமாம். தலையைக் கவிழ்த்துத் தின்பது பணிவாம். அந்த நிறம் அன்பின் நிறமாம். ‘கால் குளிருதும்மா, அதான் மடக்கி வெச்சிருக்கு, நிறம் இறால் பொடியில வர்றது’ என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 8

என் மனைவி, இவள், என் சீருடையைத் துவைத்துக்கொண்டே பாடுகிறாள். கல்யாணமாகி இரண்டு மாதமாகிறது, இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாற்பத்தாறு வயதுவரை தனிக்கட்டை. இவளுடைய சலவைக் கடையில் முதல்முறை சீருடையைப் போட்டபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன சார், கடலையே துவைக்கக் கொண்டாந்துட்டீங்களா?” என்றாள். அன்றைக்குக் கவிழ்ந்தவன்தான்.

ஒரே குறை, இவளுடைய மகள் இன்னும் இங்கே வரவில்லை. எட்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை பெரியம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. லீவுக்கு இங்கே வருவாள். பள்ளி திறக்கும்போது இங்கேயே இருப்பதா, பெரியம்மாவிடமே போவதா என்பதை அவளே முடிவு செய்வாள். அது இவள் மகளுக்குக் கொடுத்த வாக்கு.

கல்யாணத்தன்று அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். தண்டனை வாசிக்கப்போகும் நீதிபதி தோற்றுப்போவார். “அந்த வீட்ல இறால் நாத்தம் அடிக்கும். என்னால முடியாது” என்றாள். அன்றிலிருந்து எனக்குள் அவள் பெயர் ஜட்ஜம்மா.

மார்ச் 9

புது சோப்பு வாங்கினேன். எலுமிச்சை வாசனை. இப்போது எலுமிச்சை பிழிந்த இறால் மாதிரி மணக்கிறேன் என்கிறாள் இவள்.

ஏப்ரல் 2

ஜட்ஜம்மா வந்தாச்சு.

அவள் அறைக்கு நானே பெயின்ட் அடித்திருந்தேன். நல்ல பூநாரை நிறம். ஒரு இறகைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டிக் கலக்கச் சொல்லி வாங்கியது. கதவைத் திறந்து பார்த்தாள். “எனக்கு பிங்க் பிடிக்காது.” அவ்வளவுதான். பையைக்கூடப் பிரிக்கவில்லை. ராத்திரி அம்மாவோடு கூடத்தில் படுத்துக்கொண்டாள்.

ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவ? உனக்குப் பிடிச்சா ஊருக்கே பிடிக்கணுமா? முட்டாள், முட்டாள்.

ஏப்ரல் 5

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாவின் இரண்டாம் கணவனை என்னவென்று கூப்பிடுவது? எனக்கே தெரியவில்லை. “சாப்பிடக் கூப்பிடறாங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவருக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். நானும் சுவருக்கே “இதோ வரேன்” என்கிறேன். இவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

ஏப்ரல் 10

நேற்றைய மழையில் குளத்தங்கரை மண்கூடுகள் எல்லாம் கரைந்துவிட்டன. மிஞ்சியது ஒரே முட்டை. அதன் தாயும் தகப்பனும் கூட்டைவிட்டு எழுந்து போனவைதான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூங்காவின் கால்நடை டாக்டரம்மா முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்தார்.

கூடிழந்த பறவைகளெல்லாம் போய்விட, ‘மாப்பிள்ளை’ என்று நாங்கள் கூப்பிடும் ஆண் நாரை மட்டும் அரைகுறை மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. வருஷா வருஷம் கழுத்தை நீட்டி, சிறகை விரித்து எல்லாப் பெட்டைகள் முன்னாலும் ஆடும். ஒன்றும் ஏறெடுத்துப் பார்க்காது. அதனால்தான் அந்தப் பெயர். போன வருஷம்வரை பூங்காவில் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் கேலி நடக்கும்: “ரெண்டு மாப்பிள்ளைக்கும் எப்ப கல்யாணம்?”

அடைகாத்துப் பழகட்டும் என்று, மரத்தில் செய்த பொய் முட்டை ஒன்றை டாக்டரம்மா அதன் அடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அலகால் தட்டிப் பார்த்தது, புரட்டியது, அப்புறம் ராஜா மாதிரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் 16

இன்குபேட்டருக்குள்ளே, முட்டைக்குள்ளிருந்தே, குஞ்சு கத்த ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் மகளும் இன்றைக்குப் பார்த்துப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். ஜட்ஜம்மா முட்டையருகே காதை வைத்துக் கேட்டாள். முகமே மாறிப்போனது.

“இத யாரு வளப்பாங்க?” (சுவரிடம்தான்.)

மாப்பிள்ளையிடம் விடப்போகிறோம் என்றேன். பூநாரை குஞ்சுக்குத் தொண்டையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும், ஆணும் ஊட்டும் என்றேன்.

“அது இதோட அப்பா இல்லையே. எப்படிப் பால் வரும்?”

குஞ்சு கத்துகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே சுரக்கலாம், சுரக்காமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. நான் ஒன்றும் அவ்வளவு மண்டு இல்லை. அவளும் இல்லை.

முதல்முறையாக நேராக என்னைப் பார்த்தாள். “இத வெச்சு எனக்குப் பாடம் நடத்தாதீங்க.”

“ஐயோ, நான் எங்கம்மா நடத்தறேன்! ஒரு மாசமா போர்டுக்கே ஒரு பாடமும் எழுத வரல, மேனேஜர் என்னை வறுத்தெடுக்கறாரு.”

சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

ஏப்ரல் 18

மரமுட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சை வைத்தோம். சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை. மாப்பிள்ளை அப்படியே சிலையாகிவிட்டது.

ஏப்ரல் 20

பால் இல்லை. குஞ்சு கத்துகிறது. மாப்பிள்ளை குனிந்து குனிந்து அலகைத் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா குழாயில் கூழ் ஊட்டுகிறார். இப்படியே போனால் குஞ்சைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான் என்கிறார். ஜட்ஜம்மா காலையில் என்னோடு பஸ் ஏறி வந்து, சாயங்காலம்வரை வேலியோரம் நிற்கிறாள். வரும்போது பஸ்ஸில் நான்கு இருக்கை தள்ளி உட்காருகிறாள். நாத்தம்.

ஏப்ரல் 21

அவள் பெரியம்மாவோடு போனில் பேசியது காதில் விழுந்தது. “அம்மாவுக்காகத்தான் வந்தேன். ஜூன்ல அங்கதான் வருவேன்.”

இவளிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? துணி மடித்துக்கொண்டு, மகளுக்கு மேசை வாங்கலாமா, கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்காகத்தானே இவளுக்கு இந்த நிலை? நான் வராமலிருந்தால் அம்மாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள்... என்னத்த எழுதறது. தூக்கம் வருது.

ஏப்ரல் 22

தீவன அறையில் பொடி கலந்துகொண்டிருந்தேன். “ஓடி வாங்க! ஓடி வாங்க! ரத்தம்!” என்று அலறிக்கொண்டு ஜட்ஜம்மா ஓடி வந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள். மாப்பிள்ளையின் அலகு நுனியிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. கீழே குஞ்சு வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறது.

ரத்தமில்லை. பூநாரைப் பால் சிவப்பு. நான் புத்தகத்தில் படித்ததுதான், இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

“பாலும்மா. பால் வந்துடுச்சு” என்றேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் அசடுகள் மாதிரி நின்றோம். எதிரே தியான வகுப்பு அம்மா எங்களைத்தான் தியானம் செய்தார் என்று நினைக்கிறேன். ஜட்ஜம்மா என் சட்டைக் கையை வெகுநேரம் விடவில்லை. விட்டதும் உள்ளங்கையை மோந்து பார்த்து முகம் சுளித்தாள்.

மே 3

அறைச் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஜட்ஜம்மாவிடம் கேட்டேன். (கேட்டேன்!) யோசித்து, “குஞ்சு கலர்” என்றாள். சாம்பல் வாங்கி வந்தோம். ஒரு சுவர் அவள் அடித்தாள், மீதி நான். ஜூன் பற்றி இருவரும் பேசவில்லை.

மே 17

மாப்பிள்ளை வெளுத்துக்கொண்டே வருகிறது. தன் நிறத்தையெல்லாம் பாலில் கரைத்துக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, துவைத்துத் துவைத்துச் சாயம்போன சட்டை மாதிரி நிற்கிறது. தியான வகுப்பு அம்மா கவலையோடு வந்து, “அன்பின் நிறம் போயிடுச்சே, இதுக்கு ஏதாவது நோயா?” என்றார். நான் வாயைத் திறக்கும்முன் ஜட்ஜம்மா முந்திக்கொண்டாள்.

“நோயெல்லாம் இல்ல ஆன்ட்டி. பிள்ளைக்குக் குடுத்துட்டு வெளுத்து நிக்குது. குஞ்சு தானா சாப்பிட ஆரம்பிச்சா கலர் திரும்ப வந்துடும்.”

அந்த அம்மா மாப்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினார். இந்தமுறை எனக்கு எதுவும் திருப்பிச் சொல்லத் தோன்றவில்லை.

சாயங்காலம் பலகைக்கு எழுதிக் கொடுத்தேன். ‘இந்தப் பறவை வெளுத்திருப்பது நோயால் அல்ல. குஞ்சுக்குப் பாலூட்டுகிறது. நிறம் திரும்பிவிடும்.’ பாடங்கள் எங்கே என்றார் மேலாளர். இவ்வளவுதான் சார் என்றேன்.

மே 28

பெரியம்மா வந்து ஜட்ஜம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது “குஞ்சப் பாத்துக்கோங்க” என்றாள். என்னிடம்தான், சுவரிடம் இல்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா? இவள் பாடாமல் துணி துவைக்கிறாள்.

ஜூன் 4

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். பெரியம்மா, இரண்டு பெரிய பைகள், புத்தக மூட்டை. பின்னால் ஜட்ஜம்மா, துண்டில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள், பையை எடுக்கிறாள், கீழே வைக்கிறாள்.

ஜட்ஜம்மா நேராக அறைக்குப் போய்த் துண்டைப் பிரித்தாள். அவள் அப்பாவின் படம். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது தவறிப்போனவர். எங்கே போனாலும் அவள் கட்டிலுக்கு மேலேதான் இருக்குமாம். ஏப்ரலில் அது வரவில்லை.

“ஒரு ஆணி அடிச்சுத் தர்றீங்களா?”

சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். இடது பக்கம், இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்றாள். ஆணி அடித்து முடித்து, படத்துக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“மொதல்ல கை கழுவிட்டு வாங்க. எங்கப்பா மேல இறால் நாத்தம் அடிக்கக் கூடாது.”

கழுவினேன். மோந்து பார்த்தாள். திரும்பவும் அனுப்பினாள். இரண்டாம்முறை கழுவி வந்ததும்தான் என் கையில் கொடுத்தாள்.