அந்த டியூபை இனிமேல் அனுப்பாதே

சேசு மரி சூசை துணை

தருமபுரம், காரைக்கால்
14.9.1983

அன்பு மகள் டெய்சிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் மகள் அமலராணியும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது பொய்யாகப் போய்விடும். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல அமலராணிதான் எழுதுவாள், இதை அவளை வைத்துக்கொண்டு எழுத முடியாது, அதனால் என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் நானே மூன்று நாளாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுசாகப் படி.

ஈஸ்டருக்கு நீ கொடுத்தனுப்பிய மூன்று டியூபையும் நீ எழுதினபடியே காலையும் ராத்திரியும் முகத்தில் பூசினாள். பதினைந்தே நாளில் உரித்த நுங்கு மாதிரி வெளுத்தாள், உள்ளதைச் சொல்கிறேன், நானும் பார்த்துப் பூரித்துத்தான் போனேன். அந்த வெளுப்போடு எடுத்த போட்டோ அங்கே பிரான்சிலேயே இருக்கிற சலோமி வீட்டுக்குப் போய், அவள் மகன் செல்வநாதனுக்குப் பெண் பிடித்து, கிறிஸ்துமசுக்கு அவர்கள் வந்து இறங்குவது, முனிசிபல் ஆபீசில் கல்யாண அறிவிப்பாகப் பேர் ஒட்டுவது, ஜனவரியில் கோயிலில் சாமியார் மந்திரித்துத் தாலி கட்டுவது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. ஆடி மாசம் டியூப் தீர்ந்தது. தீர்ந்த நாலாம் நாள் பிள்ளை முகம் எரிகிறது ஆயா என்று அழுதுகொண்டு வந்தாள். முகம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது, கன்னத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம், மூக்கோரம் சிவப்பு நூல் ஓடினாற்போல நரம்பு, தாடையில் பூனை முடி. அடுப்புக்கிட்ட நிற்க முடியவில்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பூசைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கிறதற்குள் எழுந்து வந்துவிடுகிறாள்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். கஸ்தூரி மஞ்சளில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவிவிட்டேன், நம் வீட்டுச் சரக்கு என்ன செய்துவிடும் என்று தைரியம். பிள்ளை துடித்துவிட்டாள். அப்புறம்தான் டாக்டர் கமாலுதீனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காலி டியூபைத் திருப்பித் திருப்பிப் பிரெஞ்சு எழுத்தைப் படித்துவிட்டு, இது முகப்பூச்சு இல்லையம்மா, சொறி அரிப்புக்குக் கொஞ்ச நாள் போடுகிற மருந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். என் மருமகன் கால் அரிப்புக்கு அங்கே எழுதிக் கொடுத்ததை என் மகள் மிச்சம் பிடித்து அனுப்பினாள் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசிற்று டெய்சி. பிறகு என்னையும் விடவில்லை, பழசு என்கிறதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா, வெந்த தோலில் எலுமிச்சம்பழம் பிழியலாமா என்று திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டேன், நியாயமான திட்டு. தோல் பழையபடி ஆக மாசக்கணக்கில் ஆகுமாம். வெறும் பச்சைத்தண்ணீரில் கழுவ வேண்டும், வாசனை சோப்பு, பவுடர் கிட்டே வரக் கூடாது, கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, வெயிலில் குடை இல்லாமல் போகக் கூடாது, அவர் கொடுத்த களிம்பை மட்டும் தடவ வேண்டும். இவ்வளவுதானா என்றேன், இவ்வளவுதான், தினமும் செய்ய வேண்டும், அதுதான் யாருக்கும் முடிகிறதில்லை என்றார். நீயும் இதையே செய், உனக்கும் வயசாகிறது.

இந்த நிலைமையில் உன் கடிதம் வருகிறது. இன்னும் நாலு டியூப் ஆள் மூலம் அனுப்புகிறேன், கல்யாணம் முடிகிற வரைக்கும் பூசட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் என்றால் எப்போது டெய்சி, மந்திரித்த மறுநாளா. கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அப்போதுதான் உன் அத்தை நினைவு வந்தது. நாற்பத்தொன்பதில் உனக்குக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை, புதுநன்மை கொடுத்த அன்று, என் வீட்டுக் கேக்கைத் தின்றுகொண்டே, கவுன் போட்ட கரிக்கட்டை என்று உன்னைச் சொன்னாளே, அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவள் செத்த வீட்டுக்குப் போய் மாலை போட்டேன், மன்னிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டுவிட்டு ஒரு வருஷம் உப்பும் எலுமிச்சம்பழமும் வைத்து உன் முகத்தைத் தேய்த்தவள் நான். நீ கத்துவாய், நான் கையைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். முப்பத்துநாலு வருஷத்துக் கோபத்தையும் அவள் தலையில் போட்டுவிட்டு என் கையை நான் மறந்துவிட்டேன். அதற்கு என்னை நீ மன்னிக்க வேண்டியது. அந்தக் கை உன் மகள் வரைக்கும் நீள வேண்டாம்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ பதறுவாய். போன வாரம் திங்கட்கிழமை அமலராணி அவளாகவே, ஆயா, அவர் வந்து பார்க்கிற அன்றைக்கு எந்த முகத்தோடு நான் நிற்பது, இப்போதே காட்டிவிடலாம் என்றாள். அம்பலவாணன் ஸ்டுடியோவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு, விளக்கைக் கூட்டிவைத்து வெளுப்பாக எடுத்துத் தருகிறேன் பாப்பா என்றார், வேண்டாம் அண்ணே, இருக்கிறபடி எடுங்க என்றாள். கலரில்தான் எடுக்கச் சொன்னேன், சிவப்பு தெரிய வேண்டாமா. அந்தப் போட்டோவோடு, நடந்தது இது, முதல் போட்டோவில் இருந்த வெளுப்பு என் நிறம் இல்லை, முகம் ஆறுவதற்கு நாள் ஆகும், சம்மதம் இருந்தால் வாருங்கள் என்று அவளே சலோமிக்கு எழுதினாள். நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டோம். எனக்கு ஒன்றும் தைரியம் வந்துவிடவில்லை, தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டி வாயை எட்டிப் பார்த்தேன். கல்யாணம் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், சொல்லப்போகிறவர்கள் பேர்கூடத் தெரியும். பிள்ளை மட்டும் ஸ்டுடியோவில் இருந்து வருகிற வழியில் முக்காட்டை எடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளையிடம் இதைப் பதமாகச் சொல். உன் குடும்பத்தின் மேல் தேவமாதாவின் கை எப்போதும் இருக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். மறந்துவிடாதே, சலோமி உனக்குப் போன் செய்து எது நிஜம் என்று கேட்பாள். இரண்டாவது போட்டோ ஏதோ காய்ச்சலில் எடுத்தது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
இஞ்ஞாசியம்மாள்