அது என் ஊசி

பசறை,
வியாழன் இரவு.

என் பிரியமான சக்தி அக்காவுக்கு,

விதுஷா எழுதுகிறேன். கொழும்பில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். போன் அப்பாவிடம் இருப்பதால் கடிதம். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

தங்கச்சி பிறந்தபோது அம்மாவுக்கு இரத்தம் ஏற்றியது உனக்குத் தெரியும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று அம்மா அன்றே முடிவு செய்துவிட்டார். அப்பாவுக்கோ மகன் வேண்டும். அதனால் அம்மா அவருக்குத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கருத்தடை ஊசி போட்டு வந்தார். கிளினிக் போகும் நாளில் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதைவிட, காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது கங்காணி எல்லோர் முன்னாலும், "என்னா, மறுபடியும் கிளினிக்கா? லயத்துல தொட்டில் கட்டவா?" என்று கேட்பதுதான் அம்மாவுக்குத் தாங்காது.

இந்த முறை கிளினிக் மிஸ்ஸி, தானே போட்டுக்கொள்ளும் சின்ன ஊசியைப் பழக்கி, இரண்டைக் கையில் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போன பிறகு ஊசியோடு கொடுத்த விளக்கத் தாளை நான் வாசித்தேன். அம்மா தொடையில் போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா மூடவில்லை. "கொழுந்து கிள்ளுற கைக்கு இது பெருசாடி?" என்றார்.

தவறு என்னுடையது. போட்ட ஊசியை ஜாம் போத்தலில் அடைத்து மிஸ்ஸியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நேற்று பள்ளிக்கூடம் போகும் வழியில் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன், அவர் வரவில்லை. மாலையில் பேனா தேடிய அப்பா புத்தகப் பையிலிருந்து அதை எடுத்துவிட்டார். போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் போதைப்பொருள் கூட்டம் வைத்து அப்பாக்களைப் பயமுறுத்தி அனுப்பினார்கள். "எவன் குடுத்தான்? சொல்லுடி!" என்று கையை ஓங்கினார். அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அக்கா.

மலையிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு, "புள்ளைய விடுங்க. அது என் ஊசி. இன்னொன்னு உண்டாகாம இருக்க நானே போட்டுக்கிட்டேன்" என்றார். "அப்ப எனக்கு மகன் வேணாமா?" என்று அப்பா கத்தினார். "ஒங்களுக்கு மகன் வேணும். இருக்கிற மூணுக்கும் அம்மா வேணுமுங்க" என்றார் அம்மா. பக்கத்துக் காம்பரா நிலுக்ஷி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, அந்த ஊசி ஒங்க மீசை மயிரு அளவுகூட இல்ல, என்னாத்துக்கு இந்தச் சத்தம்?" என்றார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சமிருந்த ஊசியையும் அப்பா தேடி எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அம்மா தடுக்கவில்லை. "பூட்டிக்கங்க. அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. மிஸ்ஸிகிட்ட வேற வாங்கிக்குவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனார். கங்காணிக்குப் பதில் சொல்லாமல் நின்ற அதே அம்மாதான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்பா வரச்சொல்லி, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை மாமா வருகிறார். இனி ஊசி தொடமாட்டேன் என்று அம்மாவைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைக்கப் போகிறார்களாம். சத்தியம் செய்துவிட்டால் அம்மா மீறமாட்டார். அதுதான் என் பயம். இன்று கேட்டேன். "அணைக்க மாட்டேன். முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். ஆனால் அவர் இரவுச் சோறு சாப்பிடவில்லை.

லீவு கேட்டு வா அக்கா. நீ ஒன்றும் பேச வேண்டாம். மாமா கற்பூரத்தை ஏற்றும்போது நான் அம்மாவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அந்தப் பக்கம் நீ நில்.

உன் தங்கை,
விதுஷா